ஒரு கரண்டித் தயிரின் உறவுமுறை

வாழைச்சேனைப் பக்கம் எருமைப்பாலைக் காய்ச்சி ஆறவைத்து, முந்திய நாள் தயிரில் ஒரு கரண்டி விட்டு மண்சட்டியில் உறையவைக்கிறோம். 2006, 2007இல் வாகரையிலிருந்து இடம்பெயர்ந்தபோது, பட்டியோடு அந்தக் கரண்டித் தயிரும் அல்லவா போயிற்று!

அதில் இருப்பவை பாலிலுள்ள சீனியைப் புளிப்பாக்கும் பற்றீரியாக்கள். முன்னர் உருவத்தையும், எந்தச் சீனியைப் புளிக்கச் செய்கின்றன என்பதையும் பார்த்தே இவற்றை வகைப்படுத்தினர். முகச்சாயலை மட்டும் வைத்து உறவு சொல்வதுபோல! இப்போது மரபணுவை எழுத்தெழுத்தாக வாசித்து உறவறிகிறார்கள். இவ்வாறு 2020இல், லக்ரோபசிலஸ் என்ற ஒரே பேரினத்தில் கிடந்த 261 இனங்கள் 25 பேரினங்களாகப் பிரிக்கப்பட்டன. தயிரிலுள்ள பல்கேரிக்கஸ் பழைய பேரினத்திலேயே நின்றது. பிளான்ராரம் என்பது லக்ரிபிளான்ரிபசிலஸ் ஆயிற்று.

உறைத்தூள் பைக்கற்றில் புதுப்பெயர் கண்டால் தயங்கவேண்டாம், பற்றீரியா பழையதே. அயலவர் தரும் உறையில் பெயரே இராது. மணம் பார்த்து வாங்குவோம். பூஞ்சணம் பிடித்ததை உறைக்கு எடுக்காதீர்கள்.