அரை டன் பாரம், நான்கு கால்கள்

வீட்டில் செய்த ஸ்டாண்டில் பெரிய மீன் தொட்டியை வைக்கலாம். ஆனால் பாரத்தைவிட ஆட்டம்தான் எதிரி. பாலராமபுரத்துத் தறிகளுக்கு இது பழைய செய்தி.

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் போகும் சாலையில், நெய்யாற்றின்கரைக்குச் சற்று முன்னால் வருகிறது பாலராமபுரம். 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராம வர்மாவின் காலத்தில் தமிழகத்திலிருந்து நெசவாளர்கள் இங்கே குடியேற்றப்பட்டார்கள். அந்தச் சாலியர்களின் பெயரில் இன்றும் தெரு இருக்கிறது. கசவுக் கரை போட்ட கைத்தறித் துணிக்கு 2009-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் இந்தக் கட்டுரை துணியைப் பற்றியதல்ல. தறியைப் பற்றியது, அதுவும் ஓரளவுக்குத்தான்.

குழித்தறியில் நெசவாளர் தரை மட்டத்தில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிகளை மிதிக்கிறார். ஒவ்வொரு ஊடை இழைக்கும் அச்சு ஓர் அடி அடிக்கிறது. காலை முதல் மாலை வரை இப்படி அடி வாங்கும் மரச்சட்டம் ஏன் பிரிந்து விழுவதில்லை? கம்பங்கள் தரையில் ஊன்றப்பட்டிருக்கின்றன. ஆடுவதற்கு அவற்றுக்கு இடமே இல்லை.

வீட்டின் முன்னறையில் நான்கடி மீன் தொட்டி வைக்க ஆசைப்படுபவர் முதலில் போய்ப் பார்க்க வேண்டியது இந்தத் தறியைத்தான். அவருடைய ஸ்டாண்டும் மரச்சட்டம்தான். ஆனால் வழவழப்பான டைல்ஸ் தரையில், எதிலும் ஊன்றாமல் நிற்கப்போகிறது.

கணக்கைப் பார்ப்போம். நான்கடி நீளம், ஒன்றரையடி அகலம், இரண்டடி உயரம். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் அளவுதான். விளிம்புக்குக் கொஞ்சம் கீழே வரை நிரப்பினால் சுமார் 320 லிட்டர், அதாவது 320 கிலோ. 10 மி.மீ. கண்ணாடி மட்டும் 65 கிலோ. கூழாங்கல்லும் மணலும் 50 கிலோ. ஸ்டாண்டு 40 கிலோ என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 475 கிலோ. ஒரு மாருதி 800 காரின் எடையே சுமார் 650 கிலோதான். அதில் முக்கால் பங்கை ஒரு பெஞ்சு அளவு இடத்தில் நிறுத்துகிறோம். தொலைக்காட்சிப் பெட்டி வைத்த பழைய மேஜை போதும் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் சற்று நிதானிக்கலாம்.

சின்னத் தொட்டியே வாங்கிவிட்டுப் போகலாமே? மீனுக்கு அது நல்லதல்ல. தண்ணீர் குறைந்தால் கழிவு சீக்கிரம் செறிவாகிறது, வெப்பமும் சட்டென்று ஏறி இறங்குகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் வேகமான ஆறுகளில் கூட்டமாக நீந்தும் 'மிஸ் கேரளா' 15 செ.மீ. வரை வளரும். இயற்கையில் அழிவின் விளிம்பை நெருங்கிக்கொண்டிருக்கும் அந்த அழகியை இரண்டடிப் பெட்டியில் அடைப்பது சிறைத் தண்டனைதான்.

ஆகவே பெரிய தொட்டி. அதற்கு ஸ்டாண்டு செய்ய மரமா, இரும்பா? இரண்டும் சரிதான். பட்டறையில் ஆங்கிள் இரும்பை வெல்டிங் செய்து, ரெட் ஆக்சைடு அடித்து, மேலே பெயிண்ட் பூசலாம். ஆனால் வெல்டிங் சூட்டில் சட்டம் முறுக்கிக்கொள்வதுண்டு. தரையில் வைத்துப் பார்த்தால் ஒரு கால் தூக்கி நிற்கும். மரத்தில் அயினி, பலா, தேக்கு எல்லாம் இந்தப் பக்கத்து ஆசாரிகளுக்குப் பழகியவை. ரப்பர் மரத்தை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடக் கூடாது. மருந்து ஏற்றாத ரப்பர் மரத்தைப் பூஞ்சையும் வண்டும் வெகு சீக்கிரம் பிடிக்கும். தென்னையில் வெளிப்பகுதி வைரம், உள்பகுதி சோறு. பார்ட்டிகிள் போர்டு மட்டும் கூடவே கூடாது. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் நனைக்கும் மண்ணில், தொட்டியிலிருந்து சொட்டும் தண்ணீரும் சேர்ந்தால் அது பப்படம்போல் உப்பிவிடும்.

சட்டத்தை எப்படிப் படுக்க வைக்கிறோம் என்பது மரத்தின் சாதியைவிட முக்கியம். இரண்டுக்கு நான்கு அங்குலச் சட்டத்தை நான்கு அங்குலம் மேல்கீழாக வரும்படி நிறுத்தி வைத்தால், படுக்க வைத்ததைப்போல் நான்கு மடங்கு விறைப்பாக இருக்கும். அதே மரம், அதே விலை. இந்தச் சட்டம் காலின் பக்கவாட்டில் திருகாணியில் தொங்கக் கூடாது. காலின் தலைமேல் உட்கார வேண்டும். அப்போது பாரம் மரத்திலிருந்து மரத்துக்கு, அங்கிருந்து தரைக்கு இறங்கும். திருகாணியின் வேலை சட்டத்தை விலகாமல் பிடிப்பது மட்டுமே. நான்கடிக்கு மேல் நீளமென்றால் நடுவிலும் கால் வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் ஸ்டாண்டு விழலாம். நேராக நின்றால் நான்கு தடித்த கால்கள் அரை டன்னைத் தாங்கிவிடும். ஆபத்து பக்கவாட்டில் இருக்கிறது. குழந்தை ஓடி வந்து மோதுகிறது, யாரோ சாய்ந்து நிற்கிறார்கள், மூட்டுகள் கொஞ்சம் இளகுகின்றன, செவ்வகச் சட்டம் மெல்லச் சாய்சதுரமாகிறது. அதன் பிறகு தடுத்து நிறுத்த எதுவும் கிடையாது. தறிக்குத் தரை தந்த காவலை இங்கே குறுக்குச் சட்டம்தான் தர வேண்டும். பின்புறம் மூலைக்கு மூலை ஒரு சட்டம், அல்லது முழுப் பின்புறத்தையும் மூடி 12 மி.மீ. மெரைன் பிளைவுட். இரண்டு பக்கங்களிலும் அதேபோல. முன்புறத்தைக் கதவுக்காகத் திறந்து விடலாம்; மற்ற மூன்றும் சரியாக இருந்தால் பாதகமில்லை. உயரம் இரண்டரையடிக்கு மேல் வேண்டாம். மேல்சட்டத்தைச் சுவரோடு ஒரு கிளாம்ப் போட்டுப் பிடித்துவிட்டால் ஏறி எட்டிப் பார்க்கும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு நிம்மதி.

அடுத்த எதிரி கோணல். தொட்டியின் முன் கண்ணாடியைத் தண்ணீர் வெளியே தள்ளும் விசை, இந்த அளவில், 200 கிலோவைத் தொடுகிறது. தொட்டியின் அகலத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உயரம்தான் கணக்கு, உயரம் பாதியானால் விசை கால்வாசியாகும். இந்த அழுத்தத்தில் இருக்கும் கண்ணாடியின் அடியில் ஒரு மூலை தாழ்ந்திருந்தால் முறுக்கு முழுவதும் சிலிகான் ஒட்டிய மூட்டில் போய் விழுகிறது. பெர்லினில் ஒரு ஹோட்டல் கூடத்தில் 10 லட்சம் லிட்டர் தண்ணீரோடு நின்ற அக்ரிலிக் உருளை 2022 டிசம்பர் 16 அதிகாலையில் வெடித்தது. சுமார் 1,500 மீன்களில் பெரும்பாலானவை மடிந்தன, இருவர் காயமடைந்தார்கள். அடுத்த ஆண்டு வந்த நிபுணர் அறிக்கை ஒட்டு மூட்டு உட்படப் பல சாத்தியங்களைச் சொன்னதே தவிர, காரணம் இதுதான் என்று அறுதியிட முடியவில்லை. பகல் நேரமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது.

இதை எழுதுபவர் வீட்டில் நடந்தது அவ்வளவு பெரிய கதையல்ல. தொட்டி சற்றுச் சாய்ந்திருந்தது. ஒரு மூலைக்கு அடியில் மடித்த செய்தித்தாள் செருகப்பட்டது. இரண்டாவது வாரம் நள்ளிரவில் 'டிக்' என்று ஒரு சத்தம். விடிவதற்குள் பாய், தலையணை எல்லாம் நனைந்திருந்தன. ஆப்பு வைப்பதானால் ஸ்டாண்டின் காலுக்கு அடியில் வைக்க வேண்டும், கண்ணாடிக்கு அடியில் அல்ல என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. ஆசாரியின் ரசமட்டத்தை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் வைத்துப் பார்த்து, தகரத் துண்டோ கடின மரச் சீவலோ காலடியில் கொடுத்துச் சரிசெய்யலாம். ஸ்டாண்டின் மேலே 18 மி.மீ. பிளைவுட், அதன்மேல் அரை அங்குலத் தெர்மகோல். சிறு மேடு பள்ளங்களை அது விழுங்கிக்கொள்ளும்.

தரை தாங்குமா? வீட்டு அறைகளின் தளத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் கணக்கிடும் பாரம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. நம் தொட்டி நிற்கும் இடத்தில் அதைப்போல் நான்கு மடங்கு. தரைத் தளத்தில் கவலையில்லை. மாடியில் என்றால் அறையின் நடுவில் வைக்காமல், பீமோ தாங்கு சுவரோ அடியில் இருக்கும் இடத்தில் சுவரை ஒட்டி வைப்பது நல்லது. அதற்கும் ஒரு பொறியாளரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பழைய ஓட்டு வீட்டின் மரத் தட்டில் வைப்பதை நினைத்தும் பார்க்க வேண்டாம்.

மின்சாரத்துக்கு இரண்டே வார்த்தை. பம்பிலிருந்து வரும் ஒயர் பிளக்கைவிடத் தாழ்ந்து வளைந்து மேலேற வேண்டும்; அப்போது வழியும் தண்ணீர் பிளக்குக்குப் போகாமல் வளைவிலேயே சொட்டிவிடும். கசிவு மின்சாரத்தில் தானாக அணையும் இ.எல்.சி.பி. வீட்டில் இல்லையென்றால் மீனுக்கு முன்னால் அதை வாங்க வேண்டும்.

இனி சோதனை. ஸ்டாண்டின் மேல் பத்துச் சிமெண்டு மூட்டைகளை அடுக்கி ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் மூட்டைகளோடு சேர்த்துப் பக்கவாட்டில் உள்ளங்கையால் தள்ளுங்கள். முனகினால் ஆசாரியைத் திரும்பக் கூப்பிடுங்கள். பிறகு தொட்டியை ஏற்றிப் பாதி தண்ணீர், ஒரு நாள் காத்திருப்பு, மறுபடி ரசமட்டம். பிறகு முழுத் தண்ணீர், இன்னும் இரண்டு நாள். மூட்டில் ஈரம் துளிர்த்தால் துடைத்துவிட்டுச் சமாதானம் சொல்லிக்கொள்ளாமல் தண்ணீரை இறக்கிவிட வேண்டும். தண்ணீரோடு தொட்டியை ஓர் அங்குலம்கூட நகர்த்தக் கூடாது. டியூப் போட்டு வாளியில் இறக்கினால் ஒரு மணி நேர வேலை. அந்தத் தண்ணீரைத் தென்னை மூட்டில் ஊற்றிவிடலாம்.