அப்டேட் செய்ததும் விஎல்சி-யில் 'கரகர' சத்தமா? ஸ்பீக்கரை மாற்றும் முன் இதை செய்து பாருங்க!

நேற்று வரை தெளிவாகக் கேட்ட பாட்டு, விஎல்சி பிளேயரை அப்டேட் செய்ததும் 'கரகர'வென்று கேட்கிறதா? ஸ்பீக்கர் போய்விட்டது என்று முடிவு கட்டி கடைக்குக் கிளம்ப வேண்டாம். அப்டேட் முடிந்த கையோடு தொடங்கிய இரைச்சல் என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது மென்பொருளைத்தான். அதைச் சரிசெய்ய ஒரு பைசா செலவில்லை.

சத்தம் ஏன் உடைகிறது?

சிடி தரத்தில் ஒரு நொடி ஒலி 44,100 துண்டுகளாகப் பதிவாகிறது. வீடியோக்களில் இது வழக்கமாக 48,000. இந்தத் துண்டுகளை பிளேயர் 'பஃபர்' என்ற தற்காலிக இடத்தில் நிரப்பிக்கொண்டே இருக்கும். சவுண்ட் கார்டு அங்கிருந்து எடுத்து ஒலிக்கும். மாடியில் உள்ள தண்ணீர் தொட்டி மாதிரிதான் இது. தொட்டி காலியானால் குழாயில் காற்று வந்து தண்ணீர் விட்டு விட்டு கொட்டும் இல்லையா? அதேபோல பஃபர் காலியானால் 'டக் டக்', 'கரகர' சத்தம் வரும்.

அப்டேட்டுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

புதிய பதிப்பில், ஒலியை கம்ப்யூட்டருக்கு அனுப்பும் வழி மாறியிருக்கலாம். அது பழைய ஆடியோ டிரைவருக்கு ஒத்துவராவிட்டால் சத்தம் உடையும். பழைய பதிப்பின் செட்டிங்ஸ் அப்படியே தங்கி, புதியதோடு மோதுவதும் உண்டு.

முதலில் 3 சோதனைகள்

* அதே பாட்டை வேறு பிளேயரில் போடுங்க. அங்கே தெளிவாகக் கேட்டால், கோளாறு விஎல்சி-யில்தான்.
* விஎல்சி-யில் வேறு பாட்டைப் போடுங்க. அது நன்றாக இருந்தால், முதல் ஃபைலில்தான் பிரச்சனை.
* ஹெட்போன் மாட்டிக் கேளுங்க. அதிலும் இரைச்சல் வந்தால், ஸ்பீக்கர் மேல் பழி போட வேண்டியதில்லை. எல்லா பிளேயரிலும் இரைந்து, ஹெட்போனில் மட்டும் தெளிவாக இருந்தால்தான் ஸ்பீக்கரை சந்தேகிக்கணும்.

விண்டோஸில் சரிசெய்வது எப்படி?

1. வால்யூமை 100-க்குள் வையுங்க. விஎல்சி-யில் 125 சதவீதம் வரை ஏற்ற முடியும். ஆனால் 100-ஐத் தாண்டினால் ஒலி அலையின் உச்சிப் பகுதி வெட்டுப்பட்டு சத்தம் கிழிய வாய்ப்புண்டு.

2. டூல்ஸ் மெனுவில் பிரிஃபரன்சஸ் திறந்து, ஆடியோ பகுதிக்குப் போங்க. அங்கே 'அவுட்புட் மாட்யூல்' என்பது 'ஆட்டோமேட்டிக்' என்று இருந்தால், டைரக்ட்எக்ஸ் அல்லது வேவ்அவுட் என மாற்றி சேவ் செய்யுங்க. பிளேயரை மூடி மறுபடி திறங்க.

3. சரியாகவில்லையா? அதே பக்கத்தின் கீழே உள்ள 'ரீசெட் பிரிஃபரன்சஸ்' பட்டனை அழுத்துங்க. உங்கள் செட்டிங்ஸ் போய்விடும். பாட்டு, வீடியோ ஃபைல்கள் அழியாது.

4. கடைசியாக, விண்டோஸ் சவுண்ட் செட்டிங்ஸில் 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' வசதியை அணைத்துப் பாருங்க. லேப்டாப் நிறுவனத்தின் இணையதளத்தில் புதிய ஆடியோ டிரைவர் இருக்கிறதா என்றும் தேடுங்க.

ஆண்ட்ராய்டு போனில்?

விஎல்சி ஆப்பின் செட்டிங்ஸில் ஆடியோ பகுதிக்குப் போய், 'ஆடியோ அவுட்புட்' தேர்வை மாற்றிப் பாருங்க. ஆடியோட்ராக், ஓபன்எஸ்எல் இஎஸ் ஆகிய இரண்டில் ஒன்று உங்கள் போனுக்குப் பொருந்தலாம். ப்ளூடூத் ஹெட்செட்டில் மட்டும் இரைந்தால், இணைப்பைத் துண்டித்து மறுபடி இணையுங்க.

பழைய பதிப்புக்குத் திரும்பலாமா?

எதுவுமே பலிக்காவிட்டால் திரும்பலாம். ஆனால் இங்கேதான் உஷாராக இருக்கணும். 'பழைய விஎல்சி இலவசம்' என்று தேடலில் வரும் ஏதோ ஒரு தளத்தில் இறக்கினால், பாட்டோடு சேர்ந்து வைரஸும் வரலாம். விஎல்சி-யை உருவாக்கும் வீடியோலேன் அமைப்பின் இணையதளம் 2022-ல் இந்தியாவில் பல மாதங்கள் முடங்கியிருந்தது. அந்த ஆண்டு நவம்பரில் தடை நீங்கிவிட்டது. எனவே பழைய பதிப்பையும் அந்த அதிகாரப்பூர்வ தளத்திலேயே எடுங்க. பாதுகாப்புக் குறைகளை அடைப்பதும் அப்டேட்டின் வேலை என்பதால், அடுத்த பதிப்பு வந்ததும் மறக்காமல் மாறிவிடுங்க.