ஃபைட்டிங் கேம் விளையாட கம்ப்யூட்டரா, கன்சோலா? கடலூர், சிதம்பரம் கேமர்கள் பணம் போடும் முன் கவனிக்க வேண்டியவை

முதல் வேலை, கையில் கொஞ்சம் சேமிப்பு. ‘டெக்கன் 8’, ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6’ விளையாட ஆசை. இஎம்ஐ போட்டு பிஎஸ்5 வாங்கலாமா, இருக்கிற லேப்டாப்பே போதுமா? கடலூர், சிதம்பரம் போன்ற ஊர்களில் இருப்பவர்கள் முடிவெடுக்க ஒரு சின்ன கைடு இது.

ஒரு அடிக்கு எவ்வளவு நேரம்?

இந்த கேம்கள் விநாடிக்கு 60 ஃபிரேம் வேகத்தில் ஓடுகின்றன. டெக்கனில் வேகமான ஜாப் குத்து 10 ஃபிரேமில் விழும். அதாவது, ஒரு விநாடியில் ஆறில் ஒரு பங்கு. டிவி 50 மில்லி விநாடி தாமதமாகக் காட்டினாலே 3 ஃபிரேம் காலி. கன்சோல் வைத்திருப்பவர்கள் முதலில் டிவியில் ‘கேம் மோட்’ ஆன் பண்ணுங்க. கம்ப்யூட்டர் மானிட்டர்களில் இந்தப் பிரச்சினை பொதுவாகக் குறைவு.

செலவு எதில் அதிகம்?

பிஎஸ்5 இந்தியாவில் 2021 பிப்ரவரியில் ரூ.49,990-க்கு அறிமுகமானது. பிறகு விலை ஏறியது. இந்த இரண்டு கேம்களையும் அதில் ஆன்லைனில் விளையாட, பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தாவும் கட்ட வேண்டும். கம்ப்யூட்டரில் ஸ்டீம் வழியாக விளையாட சந்தா இல்லை.

ஆனால், ஆபீஸ் லேப்டாப்பில் இவை ஓடாது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-க்குக் குறைந்தபட்சம் ஜிடிஎக்ஸ் 1060 அளவு கிராஃபிக்ஸ் கார்டும் 8 ஜிபி ரேமும் தேவை. உங்கள் மெஷின் திணறினால், ஆன்லைனில் எதிராளியின் ஆட்டமும் கெடும். ஸ்டீமில் இலவச டெமோ இருக்கிறது. காசு கொடுக்கும் முன் ஓட்டிப் பாருங்க.

யாருடன் விளையாடப் போறீங்க?

வீட்டில் தம்பி, நண்பர்களோடு என்றால் கன்சோல் வசதி. ஒரு டிவி, இரண்டு கன்ட்ரோலர், அவ்வளவுதான். பிரவுசிங் சென்டர் காலம் மாதிரி ஒரே கீபோர்டை இரண்டு பேர் பகிர்ந்தால் சிக்கல். சாதாரண கீபோர்டுகள் பல பட்டன்களை ஒரே நேரத்தில் அழுத்தினால் சிலவற்றை விட்டுவிடும். கம்ப்யூட்டர் என்றாலும் கன்ட்ரோலர் வாங்குவது நல்லது.

ஆன்லைன் என்றால் கவலை இல்லை. இரண்டு கேம்களிலும் ‘கிராஸ் பிளே’ உண்டு. சிதம்பரத்தில் லேப்டாப் வைத்திருப்பவரும் கடலூரில் பிஎஸ்5 வைத்திருப்பவரும் மோதலாம்.

லேக் ஏன் வருது?

இரண்டு ஊருக்கும் இடையே சுமார் 45 கி.மீ. சிக்னல் சென்னையைச் சுற்றி வந்தாலும், ஃபைபர் கேபிளில் அந்தத் தூரத்துக்கு ஆவது சில மில்லி விநாடிதான். டோக்கியோ வீரருடன் மோதினால் போய்வர 65 மில்லி விநாடியாவது ஆகும்.

இந்தத் தாமதத்தை மறைக்கவே ‘ரோல்பேக்’ தொழில்நுட்பம். எதிராளி அடுத்து என்ன அழுத்துவார் என்று கேம் ஊகிக்கும். ஊகம் தப்பினால் சில ஃபிரேம் பின்னால் போய்த் திருத்தும். ஆனால், வைஃபை ஒரு நொடி ஏறி ஒரு நொடி இறங்கினால் இதுவும் தடுமாறும். பக்கத்து ஊர் நண்பருடன் லேக் வந்தால், பெரும்பாலும் குற்றவாளி உங்கள் இருவரில் ஒருவரின் வைஃபைதான். கன்சோல் மாற்றினால் அது சரியாகாது. லேன் கேபிள் போட்டால் சரியாகலாம்.

டோர்னமெண்ட் ஆசை இருக்கா?

அப்படியென்றால் கன்சோல் பக்கம் சாயலாம். அமெரிக்காவின் ‘ஈவோ’ தொடரில் இந்த இரண்டு கேம்களும் பிஎஸ்5-ல்தான் நடக்கின்றன. 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5’ பதக்கப் போட்டியாக இருந்தது. இந்தியா சார்பில் மயங்க் பிரஜாபதி, அயன் பிஸ்வாஸ் களமிறங்கினர். தங்கம் வென்ற தென்கொரியாவின் கிம் குவான்-வூவுக்கு அப்போது வயது 44. எனவே, வயசாயிடுச்சு என்ற கவலை வேண்டாம்.

அப்போ எதை வாங்கலாம்?

* கிராஃபிக்ஸ் கார்டு உள்ள லேப்டாப் ஏற்கெனவே இருந்தால்: கன்ட்ரோலரும் லேன் கேபிளும் போதும். இஎம்ஐ வேண்டாம்.
* எதுவுமே இல்லை, கேம் மட்டும்தான் நோக்கம் என்றால்: கன்சோல்.
* வேலை, எடிட்டிங், கோடிங் எல்லாவற்றுக்கும் ஒரே மெஷின் வேண்டுமென்றால்: கம்ப்யூட்டர்.

எதை வாங்கினாலும் முதல் மாதம் நிறைய தோற்பீங்க. அந்தத் தோல்விக்கு மெஷின் காரணமில்லை, பயிற்சிதான் தீர்வு.