உஷார்! மாத்திரை பாட்டு எழுதித் தராது

'போதை ஏறினால்தான் வரி வந்து விழும்.' ராப் எழுதத் தொடங்கும் பையன்களிடம் யாராவது இப்படிச் சொன்னால், உஷார்! சொல்கிறவர் உடனே அமெரிக்க ராப்பர் எமினெமைச் சாட்சிக்கு இழுப்பார். 2000இல் வந்த 'தி மார்ஷல் மேதர்ஸ் எல்பி' போதைக் காலத்து ஆல்பம்தானே என்பார். அதற்குப் பிறகு அந்த மனிதருக்கு என்ன ஆனது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்.

எமினெம் நடித்த '8 மைல்' படத்தின் படப்பிடிப்பு. ஒரு நாளைக்கு 16 மணி நேர வேலை. தூங்குவதற்கென்று ஒருவர் நீட்டிய ஆம்பியன் மாத்திரை, பழக்கத்தை முற்றவைத்தது. கூடவே வைக்கோடின், வேலியம் மாத்திரைகள். 2004இல் 'என்கோர்' ஆல்பம் வந்தபோது, எதுகைக்கு எதுகை கணக்குப் பார்த்து அடுக்கிய அதே ஆள் வாந்தி எடுக்கும் சத்தத்தையும் கோமாளிக் குரலையும் வைத்து ஒப்பேற்றியிருந்தார். அடுத்த ஆண்டு ஐரோப்பியக் கச்சேரிகள் ரத்து, சிகிச்சை மையம். 2006இல் உயிர் நண்பன் புரூஃப் டெட்ராய்ட்டில் சுட்டுக் கொல்லப்பட, மாத்திரை இன்னும் கூடியது. 2007 டிசம்பரில், என்னவென்று சரியாகத் தெரியாமலே விழுங்கிய மெத்தடோன் என்ற வலிநிவாரணி அவரைச் சாய்த்தது. இரண்டு மணி நேரம் தாமதமாகி இருந்தால் முடிந்திருக்கும் என்று மருத்துவர்கள் சொன்னார்களாம். பிழைத்து வந்தும் மறுபடி மாத்திரைக்கே போனார் என்பதையும் சேர்த்தே கவனியுங்கள்.

2008 ஏப்ரலில் அடியோடு நிறுத்தினார். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதானே நினைப்பீர்கள்? உண்மையான கண்ணி அங்கேதான் இருக்கிறது. நிறுத்தியதும் திறமை ஓடிவந்து ஒட்டிக்கொள்ளவில்லை. ராப் பாடுவதையே புதிதாகக் கற்க வேண்டியிருந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். மூளை பாதிக்கப்பட்டிருக்குமோ என்று அவருடைய மேனேஜர் மருத்துவர்களிடம் விசாரிக்கும் அளவுக்கு நிலைமை இருந்தது. 2009இல் வந்த 'ரிலாப்ஸ்' எந்த ஊர் உச்சரிப்பு என்றே பிடிபடாத குரல்களால் நிரம்பியிருந்தது. பிறகு அவரே அதைக் கிண்டலடித்தார். 'போதையில் இருந்தபோதே நன்றாக எழுதினேன்' என்ற எண்ணம் தலைதூக்குவது இப்படிப்பட்ட நேரத்தில்தான். பல பேர் திரும்பிப் போவதும் இந்த இடைவெளியில்தான். அவர் போகவில்லை. 2010இல் வந்த 'ரெகவரி' அந்த ஆண்டு அமெரிக்காவில் மிக அதிகம் விற்ற ஆல்பம்.

பழைய ஆல்பங்களின் வீரியம் பிறகு வரவில்லை என்று வாதிடுகிறவர்கள் உண்டு. எனக்கும் அதில் பாதி சம்மதம்தான். ஆனால் அந்த வீரியத்தைத் தந்தது மாத்திரையா? தொலைக்காட்சிப் பேட்டி ஒன்றில் எமினெம் ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார். ஓட்டல் லெட்டர்பேட் தாள்கள், கிழிந்த துண்டுகள், குறுக்கும் நெடுக்குமாகப் பொடி எழுத்தில் எதுகைகள். எப்போதாவது உதவும் என்று சேர்த்து வைத்தவை. வரிகள் பிறந்தது அந்தத் தாள்களில்.

எல்லோருக்கும் இரண்டாம் வாய்ப்பு கிடைப்பதில்லை. ராப்பர் மேக் மில்லரின் 'ஸ்விம்மிங்' ஆல்பம் 2018 ஆகஸ்ட் 3 அன்று வெளியானது. செப்டம்பர் 7 அன்று அவர் இல்லை, வயது 26. ஆக்ஸிகோடோன் என்று கைக்கு வந்த போலி மாத்திரைக்குள் இருந்தது ஃபென்டனில் என்ற கடும் போதை மருந்து. உப்புக்கல் அளவு போதும், ஆளை முடித்துவிடும். இன்னொரு ராப்பர் ஜூஸ் வேர்ல்டு 2019 டிசம்பரில் இறந்தபோது வயது 21. இன்னும் என்னென்ன எழுதியிருப்பார்கள்!

இன்னொன்று. கொஞ்ச காலம் நிறுத்தியிருந்தவர் 'ஒரே ஒரு தடவை' என்று பழைய அளவையே எடுத்தால், உடம்பு அதைத் தாங்கும் சக்தியை இழந்திருக்கும். மதுவும் சேர்ந்தால் மூச்சே நின்றுபோகலாம். நண்பன் எழுப்பினாலும் எழாமல், குறட்டை மாதிரி கொரகொரவென்று சத்தம் போட்டு, உதடு நீலம் பாரித்துக் கிடந்தால், 'தூங்கட்டும், தெளிந்துவிடும்' என்று கதவைச் சாத்திவிட்டுப் போகாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து, உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். என்ன விழுங்கினான் என்பதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.