பாட்டியின் அட்டிகைக்குள் என்ன இருக்கிறது?

1928 வாக்கில் சிலாங்கூர் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய பெண்ணுக்கு நாள் சம்பளம் 40 காசு. ஆணுக்கு 50. அந்தக் காலத்தில் ஒரு பவுன் காசு எட்டரை வெள்ளிக்குச் சற்று மேல். அரிசி, உப்பு, புளி எதுவும் வாங்காமல் 22 நாள் மரம் வெட்டினால்தான் ஒரு பவுன் கைக்கு வரும். காஜாங் வட்டாரத்தில் இன்றும் சில வீட்டு அலமாரிகளில் சிவப்புக் காகிதத்தில் மடித்திருக்கும் இரண்டு பவுன் அட்டிகையை இந்தக் கணக்கோடு பார்க்க வேண்டும்.

எப்படிச் சேர்த்தார்கள்? பெரும்பாலும் கூட்டுக் கட்டித்தான். எல்லோரும் பணம் போட, மாதம் ஒருவர் மொத்தத்தையும் எடுப்பார். எடுத்த கையோடு தங்கமாக்கிவிடுவார். 1971இல் கூட்டைத் தடை செய்து சட்டமே வந்தது. பெண்கள் அதைப் பெரிதாகக் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. குடியிருந்த லயம் தோட்டத்துக்குச் சொந்தம், காய்கறி போட்ட நிலமும் தோட்டத்துக்குச் சொந்தம். தனக்கென்று இருந்தது கழுத்திலும் காதிலும் கிடந்தது மட்டுமே. காஜாங்குக்கு அருகே 1921இல் தொடங்கிய பிராங் புசார் தோட்டம்தான் 1995க்குப் பிறகு புத்ராஜெயா ஆனது. மரமும் லயமும் போயின. நகைகள் மக்களோடு புறப்பட்டு வந்தன.

அந்த நகை எப்படி உருவானது என்று பார்ப்போம். பவுன் காசு 22 காரட், எடை ஏறத்தாழ 7.99 கிராம், அதில் சுத்தத் தங்கம் 7.32 கிராம். மீதி பெரும்பாலும் செம்பு. இன்று கடைப் பலகையில் காணும் 916 என்பதும் இதே விகிதம்தான்: ஆயிரம் பங்கில் 916 பங்கு தங்கம். ஆசாரி காசை மூசையில் உருக்கிக் கட்டியாக வார்ப்பார். அதைத் தட்டி, துளையிட்ட எஃகுத் தகட்டின் வழியே இழுத்துக் கம்பியாக்குவார். ஒவ்வொரு இழுப்பிலும் தங்கம் இறுகும். உலோகத்துக்குள் அடுக்கடுக்காக நிற்கும் அணுக்கள் நெரிபட்டு ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதே காரணம். அதற்கு மேலும் இழுத்தால் அறுந்துவிடும். ஆகவே உமிக்கரி நெருப்பில் சிவக்கக் காய்ச்சி அணுக்களை மறுபடி ஒழுங்குபடுத்துவார். கம்பி மீண்டும் இளகிக் கொடுக்கும்.

பிறகுதான் பற்றவைப்பு. பழைய நகையின் ரகசியம் முழுக்க இங்கேதான். சுத்தத் தங்கம் 1064 டிகிரி செல்சியஸில் உருகும். செம்பும் வெள்ளியும் கூடுதலாகக் கலந்த பற்றாசு அதைவிடக் குறைந்த சூட்டிலேயே உருகும். இணைப்பில் பற்றாசுத் துணுக்கையும் வெண்காரத்தையும் வைத்து, ஊதுகுழலால் சுடரை அதன்மீது திருப்புவார் ஆசாரி. வெண்காரம் செம்பின் மேல் படியும் கறுப்பைக் கரைக்க, பற்றாசு ஓடிப் பிடித்துக்கொள்ளும். ஒரு நொடி அதிகமானால் வளையமே உருகிவிடும். இப்படி ஒரு சங்கிலிக்கு நூற்றுக்கும் மேற்பட்ட பற்றுகள்!

நகைக்கடையில் பாட்டியின் சங்கிலியை உருக்கிப் பார்த்தவர், “மாற்று குறையுதுங்க” என்று சொல்லும்போது பலர் முகம் வாடிவிடுகிறது. அந்தக் காலத்து ஆசாரி ஏமாற்றிவிட்டார் என்ற பழியும் கிளம்புகிறது. ஏமாற்றியவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் நேர்மையாகச் செய்த நகையும் பற்றாசின் காரணமாக 916க்குக் கீழேதான் நிற்கும். பிற்காலத்தில் வந்த கேடிஎம் நகையில் செம்புக்குப் பதில் காட்மியம் சேர்த்த பற்றாசு. காட்மியம் சூட்டில் ஆவியாகிவிடுவதால் மாற்று அவ்வளவாக இறங்காது. அந்த ஆவி இறங்குவது வேலை செய்பவரின் நுரையீரலிலும் சிறுநீரகத்திலும். கேடிஎம் என்ற முத்திரையைப் பெருமையாகச் சொல்பவர்களிடம் இதை யாரும் சொல்வதில்லை.

மாற்றுப் பார்க்கும் வழியும் பழையதுதான். கருங்கல்லில் நகையை உரைத்து, மாற்றுத் தெரிந்த ஆணிகளின் கோட்டோடு ஒப்பிடுவார்கள். கோட்டின்மேல் நைட்ரிக் அமிலத்தைத் தடவினால் செம்பும் வெள்ளியும் கரைந்து தங்கம் மட்டும் நிற்கும். எடையிலும் அதே கவனம் இருந்தது: தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜன் கொடுத்த நகைகளை ஆடவல்லான் என்ற எடைக்கல்லால் நிறுத்து, கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று கடைசித் துளி வரை கல்வெட்டில் பொறித்தார்கள். அந்த மஞ்சாடி நம் ஊரில் சாகா என்று பிள்ளைகள் பொறுக்கி விளையாடும் சிவப்பு விதை. நான்கு சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு கிராம்.

இப்போது கடைகளில் எக்ஸ்ரே பாய்ச்சிப் பார்க்கும் கருவி இருக்கிறது. கதிர் பட்டதும் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய கதிரைத் திருப்பி விடும். கருவி அதை எண்ணிச் சதவீதம் சொல்லும். ஆனால் அது பார்ப்பது மேல்தோலை மட்டும். அமிலத்தில் பலமுறை போட்டெடுத்த பழைய நகையில் மேற்பரப்புச் செம்பு கரைந்து போயிருக்கும். அதனால் கருவி உள்ளதைவிட உயர்வாகக் காட்டவும் கூடும். அனுபவமுள்ளவர்கள் மறைவான இடத்தில் சிறிது அரத்தால் உரசிவிட்டுத்தான் வைப்பார்கள்.

சுத்தம் செய்யும்போதும் கவனம் வேண்டும். தண்டட்டி என்னும் காதணி, கல் பதித்த பழைய பதக்கம் போன்றவற்றின் உள்ளே அரக்கு இருக்கலாம். மெல்லிய தகட்டுக்குத் தாங்கல் அதுதான். சுமார் 70 டிகிரியிலேயே அரக்கு இளகிவிடும். ஆகையால் கொதிநீரும் வேண்டாம், அதிர்வில் சுத்தம் செய்யும் இயந்திரமும் வேண்டாம். பூந்திக்கொட்டை ஊறிய வெதுவெதுப்பான நீரும் மென்மையான தூரிகையும் போதும்.

நகை வீட்டைவிட்டுப் போன காலமும் உண்டு. 1943இல் நேதாஜி கோலாலம்பூரில் நிதி கேட்டபோது, பதின்ம வயது ஜானகி தேவர் தன் தங்க நகையைக் கழற்றிக் கொடுத்தார். பிறகு ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார். தாலியையே கொடுத்த பெண்களும் இருந்தார்கள். கொடுக்காமல் புதைத்து வைத்தவர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. 1945இல் ஜப்பானியரின் வாழைமரத்து நோட்டு வெறும் காகிதமானபோது, பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது அந்தத் தங்கம்தான்.

அடகு வைப்பதை அவமானமாக நினைப்பவர்களோடு நான் ஒத்துப்போவதில்லை. மலேசியாவின் 1972ஆம் ஆண்டு அடகுச் சட்டம் மாதம் 2 சதவீதத்துக்கு மேல் வட்டி கேட்க விடாது. பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்குப் போய், தீபாவளிக்கு முன் மீண்டு வந்த வளையல், விற்றிருந்தால் திரும்பியிருக்காது. இன்று மரபு நகைக்குப் பெரிய ஆபத்து பஜாக் எனும் அடகுக் கடை அல்ல; பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்கும் ஆசைதான். அதில் பழைய செய்கூலி போகிறது, புதிய செய்கூலி சேர்கிறது, இரண்டும் நம் கையிலிருந்துதான்.

உருக்குவதே தவறு என்று சொல்ல வரவில்லை. பிரிக்பீல்ட்ஸ் பக்கத்து யாழ்ப்பாணத் தமிழர் வீட்டுக் கல்யாணத்தில் பொன்னுருக்கு ஒரு சடங்கு. நல்ல நாள் பார்த்து, உறவினர் முன்னிலையில் பொன்னை உருக்கித்தான் தாலிக்கு வேலை தொடங்கும். பாட்டியின் காசு பேத்தியின் தாலியில் சேர்வதும் ஒரு தொடர்ச்சிதான். அங்கே எது எதில் கலந்தது என்பதற்குச் சாட்சி உண்டு. கடையில் உருக்கும்போது அந்தச் சாட்சி இல்லை. அட்டிகையின் பின்புறம் தேய்ந்து மழுங்கியது அதை அணிந்த தோலால். நிறம் மாறித் தெரியும் ஒரு பற்று, எப்போதோ அறுந்து சரிசெய்தது. மூசையில் எடை மிஞ்சும், இவை மிஞ்சா.

கையால் பற்றவைக்கத் தெரிந்த ஆசாரிகள் இங்கே குறைந்துவிட்டார்கள். பொற்கொல்லர், முடிதிருத்தகம், ஜவுளி ஆகிய மூன்று துறைகளுக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்களை எடுக்க 2023இல் அரசு அனுமதிக்க வேண்டி வந்தது. ஆகவே கொக்கி தளர்ந்த, வளையம் தேய்ந்த நகை வீட்டில் இருந்தால் இப்போதே மஸ்ஜித் இந்தியாவிலோ கிள்ளானிலோ ஓர் ஆசாரியிடம் காட்டுங்கள். கொக்கியை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். வாங்கிக்கொண்டு வரும்போது எடையைக் கேட்டு, யார் யாருக்கு எந்த ஆண்டு போட்டது என்பதோடு ஒரு தாளில் எழுதி நகையுடனே வையுங்கள். பெயரும் ஆண்டும் தெரிந்த மூத்தவர் வீட்டில் இருந்தால், முதலில் அவரிடம் போய் உட்காருங்கள்.