தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலையா? விமானம் ஏறுமுன் விசாரியுங்கள்!

தஞ்சாவூர்:

"கம்ப்யூட்டர் வேலை. டாலரில் சம்பளம். சாப்பாடு, ரூம் இலவசம். டிக்கெட்டும் நாங்களே!"

செல்போனில் இப்படி ஒரு சேதி வந்தால் யாருக்குத்தான் சபலம் தட்டாது? விளைந்த நெல் கடனுக்கே போகிற டெல்டாவில், வீட்டுக்கு ஒரு பையனை வெளிநாடு அனுப்புவது புதுசா என்ன? மன்னார்குடி, பட்டுக்கோட்டை பக்கம் சிங்கப்பூர் பணத்தில் எழும்பிய மாடி வீடுகள் எத்தனை! அந்த நம்பிக்கைதான் மோசடிக் கும்பலுக்கு முதலீடு.

ஆற்றுக்கு அக்கரையில்...

பாங்காக்கில் இறங்கியதும் காரில் ஏற்றுவார்கள். பல மணி நேரம் ஓடி, மே சோட் என்ற எல்லை ஊருக்குப் போய்ச் சேரும். அங்கே மோய் ஆறு. தாண்டினால் மியான்மரின் மியாவடி. தாய்லாந்து போலீஸ் அங்கே நுழைய முடியாது. மியான்மர் அரசின் கையும் சரியாக எட்டாது. ஆயுதக் குழுக்கள் வைத்ததுதான் சட்டம்!

பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொள்வார்கள். வேலை என்ன தெரியுமா? பெண் பெயரில் கொஞ்சிப் பேசி, கிரிப்டோ, ஷேர் என்று ஆசை காட்டி முன்பின் தெரியாதவரின் பணத்தைக் கறப்பது! மறுத்தால் அடி, உதை, கரண்ட் ஷாக்.

இப்படிச் சிக்கிய தமிழர்கள் 13 பேர் 2022 அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னை வந்தார்கள். 2025 மார்ச்சில் 549 இந்தியர்களை விமானப்படை விமானங்கள் மே சோட்டிலிருந்து ஏற்றி வந்தன. மூன்று நாட்டு அதிகாரிகளும் பேசி முடித்த பிறகுதான் இது நடந்தது. வந்தவர்களிடமும் விசாரணை! ஏமாந்தவர் யார், ஆள் பிடித்துக் கொடுத்தவர் யார் என்று பிரிக்க வேண்டுமே!

பணம் போன வழி

ஆளை மீட்கலாம். பணத்தை? கமிஷனுக்கு வாடகை விட்ட வங்கிக் கணக்குகளில் கைமாறி, கிரிப்டோவாகி எல்லை தாண்டிவிடும். அயல்நாட்டிலிருந்து ஆதாரம் வாங்க நம் போலீசார் கோர்ட், டெல்லி என்று கடிதம் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். கம்ப்யூட்டர் திருடனுக்கு நிமிஷம் போதும்!

இதற்காகவே ஐ.நா. ஓர் ஒப்பந்தம் கொண்டுவந்தது. நாடுகள் 24 மணி நேரமும் ஒன்றுக்கொன்று உதவ வழி செய்கிறது. 2025 அக்டோபரில் ஹனோயில் 72 நாடுகள் கையெழுத்துப் போட்டன. அந்த வரிசையில் இந்தியா இல்லை. 40 நாடுகள் முறைப்படி ஏற்றால்தான் அமலுக்கு வரும்.

அதுவரை? ஏஜெண்ட் அரசிடம் பதிவு செய்தவரா என்று 'இ-மைகிரேட்' இணையதளத்தில் பாருங்கள். பணம் பறிபோனால் உடனே 1930-க்குப் போன் போடுங்கள். நம் நாட்டு வங்கியில் பணம் நிற்கும்வரைதான் அதை முடக்க முடியும்.