பட்டறைக் கருவிகள் – 9: டேங்கின் அடியில் தேங்கும் தண்ணீர்

சென்ற வாரம் வெல்டிங் மெஷினைப் பார்த்தோம். இந்த வாரம் சக்கரம் வைத்த சின்ன கம்ப்ரஸர். பஞ்சர் கடை, மர பாலிஷ், டூவீலர் பெயின்டிங் என்று ஒன்று, இரண்டு ஹெச்.பி.யில் ஓடிக்கொண்டிருப்பது இதுதான். ‘மோட்டார் போச்சு’ என்று மெக்கானிக்கிடம் தூக்கி வரப்படும் கம்ப்ரஸர்கள் பலவற்றில் மோட்டார் நன்றாகவே இருக்கும்.

மெஷின் நிற்கும் நொடியைக் காது கொடுத்துக் கேளுங்கள். டேங்கில் சுமார் 8 பார் அழுத்தம் ஏறியதும் பிரஷர் ஸ்விட்ச் மோட்டாரை நிறுத்தும். உடனே ‘புஸ்’ என்று ஒரு சத்தம் வர வேண்டும். ஹெட்டிலிருந்து டேங்குக்குப் போகும் குழாயில் மாட்டிக்கொண்ட காற்றை அன்லோடர் வால்வு வெளியே விடுகிறது. அந்தச் சத்தமே வராவிட்டால், அடுத்த முறை பிஸ்டன் அழுத்தத்தை எதிர்த்துக் கிளம்ப வேண்டியிருக்கும். சிங்கிள் பேஸ் மோட்டாரால் அது முடியாது. உறுமிக்கொண்டே நின்று சூடாகிவிடும். மாறாக, ‘புஸ்’ அடங்காமல் சீறிக்கொண்டே இருந்தால் டேங்கின் வாயிலுள்ள நான்-ரிட்டர்ன் வால்வு சரியாக மூடவில்லை. கார்பன் துகளோ துருவோ சிக்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்கி, டேங்கை முழுக்கக் காலி செய்த பிறகு கழற்றித் துடைத்தாலே பல நேரம் சரியாகிவிடும்.

உறுமுகிற மோட்டாருக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. காற்றை முழுவதும் திறந்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். காலி டேங்கில் சுலபமாகக் கிளம்பினால் முதலில் அந்த இரண்டு வால்வுகளையும் பாருங்கள். அப்போதும் உறுமினால் கெபாசிட்டரும் வோல்டேஜும். கெபாசிட்டரில் பிளக்கை எடுத்த பிறகும் மின்சாரம் தங்கியிருக்கும். பழக்கமில்லாதவர் கை வைக்க வேண்டாம். வோல்டேஜ் குறைவதற்குப் பெரும்பாலும் மெல்லிய, நீளமான எக்ஸ்டென்ஷன் ஒயர்தான் காரணம். வேலை நடக்கும் இடம் தூரமென்றால் ஒயரை நீட்டாதீர்கள், காற்று ஹோஸை நீட்டுங்கள்.

டேங்க் நிறைய அதிக நேரமாகிறதா? ஃபில்டரில் தூசி அடைத்திருக்கலாம். ஃபில்டர் வழியாகக் காற்று திரும்பி ஊதினால் உள்ளிழுக்கும் ரீட் வால்வு போயிருக்கிறது. காற்றோடு ஆயில் தெறித்தால் பிஸ்டன் ரிங். மூட்டுகளில் சோப்பு நுரை தடவிப் பார்த்தால் கசிவு தெரிந்துவிடும். மெஷின் புதிதாக இருக்கும்போதே காலி டேங்க் நிறைய எத்தனை நிமிடம் ஆனது என்று டேங்கின் மேலேயே எழுதி வைத்துவிடுங்கள். பின்னாளில் அந்த எண்ணே பாதி நோயைச் சொல்லிவிடும்.

இவையெல்லாம் செலவு வைக்கும் கோளாறுகள். உயிருக்கு உலை வைப்பது தண்ணீர்.

30 டிகிரி வெயிலில், 80 சதவீத ஈரப்பதத்தில், ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 24 கிராம் நீராவி இருக்கும். 8 பாருக்கு அழுத்தும்போது அந்தக் காற்று ஒன்பதில் ஒரு பங்கு இடத்துக்குள் சுருங்குகிறது. சூடு ஆறியதும் அவ்வளவு சின்ன இடத்தில் மூன்று, நான்கு கிராம் நீராவிதான் தங்க முடியும். மீதி இருபது கிராமும் தண்ணீராக இறங்கியே தீரும். ஒரு ஹெச்.பி. மெஷின் நிமிடத்துக்கு 100 லிட்டர் காற்று இழுப்பதாக வைத்துக்கொண்டால், ஒரு மணி நேர ஓட்டத்தில் ஒரு டம்ளர் தண்ணீர். அதில் கொஞ்சம் ஹோஸில் போய் இறங்கி, அடித்த பெயின்டைக் கொப்புளமாக்கும். அதனால்தான் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரை டேங்குக்குப் பக்கத்தில் மாட்டக் கூடாது. அங்கே காற்று இன்னும் சூடாக, நீராவியாகவே தாண்டிப் போய்விடும். ஹோஸின் மறுமுனையில், ஸ்ப்ரே கன்னுக்கு அருகில் மாட்டுங்கள்.

மிச்சத் தண்ணீர் டேங்கின் அடியில் தேங்கி, உட்புறத் தகட்டை அரித்துக்கொண்டே இருக்கும். வெளியே பெயின்ட் பளபளக்கும். உள்ளே தகடு மெலிந்துகொண்டு வரும். இதற்கு வைத்தியம் காசில்லாதது. வேலை முடிந்ததும், அழுத்தம் கொஞ்சம் மீதி இருக்கும்போது, அடியில் உள்ள டிரெய்ன் வால்வை மெதுவாகத் திறந்து, டேங்கை அந்தப் பக்கம் சற்றுச் சாய்த்து, துருநிறத் தண்ணீர் முழுவதும் போகும்வரை விடுங்கள். இதை மட்டும் தினமும் செய்யச் சொல்லிக் கடைப் பையனுக்குப் பழக்கினால் போதும். தண்ணீர் கிராங்க் கேஸுக்குள்ளும் போகும்: கண்ணாடியில் ஆயில் பால் போல வெளுத்திருந்தால் உடனே மாற்ற வேண்டும். கம்ப்ரஸருக்கென்றே விற்கும் ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும். பைக் எஞ்சின் ஆயில் வால்வுகளில் கார்பன் படிய வைக்கும்.

அடித்தகட்டில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் அந்த டேங்கின் ஆயுள் முடிந்தது. தயவுசெய்து வெல்டிங் வைக்காதீர்கள். ஓட்டையைச் சுற்றியுள்ள தகடும் அதே அளவு மெலிந்திருக்கும். ஒட்டுப் போட்டு 8 பார் ஏற்றினால் பக்கத்திலேயே கிழியும். பழைய டேங்கைச் சோதிக்கத் தண்ணீர் நிரப்பித்தான் அழுத்தம் ஏற்ற வேண்டும். தண்ணீர் சுருங்காது, தகடு கிழிந்தாலும் பீறிட்டு நின்றுவிடும். சுருங்கிய காற்று அப்படி நிற்காது, விரிந்து வெடிக்கும்.

சேஃப்டி வால்வின் வளையத்தை மாதம் ஒருமுறை, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு இழுத்துப் பாருங்கள். காற்று சீறிவிட்டு மூடிக்கொள்ள வேண்டும். கசிகிறது என்று அதை எடுத்துவிட்டு போல்ட் வைத்து அடைக்கிறவர்களை இன்றும் பார்க்கிறோம். பிரஷர் ஸ்விட்ச் ஒருநாள் ஒட்டிக்கொண்டு மோட்டார் நிற்காமல் ஓடினால், அந்த டேங்கைக் காக்க வேறு எதுவும் இல்லை. அதே அழுத்த எண் பொறித்த புதிய வால்வை வாங்கி மாட்டுங்கள்.

ஸ்ப்ரே கன்னை அடுத்த வாரம் பிரித்துப் பார்ப்போம்.